தற்கொலைத் தடுப்பு உதவி மையங்கள்

வாழ்வை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தால் அல்லல்படுவோர், தம் பெயரைக்கூடச் சொல்லாமல், தொலைபேசியிலோ நேரிலோ மனம்விட்டுப் பேச இடம்தரும் அமைப்புகளே தற்கொலைத் தடுப்பு உதவி மையங்கள். இவற்றுக்குக் கட்டணம் இல்லை. பேசியது வெளியே போகாது. பெரும்பாலான மையங்களில் அழைப்பை எடுப்பவர் மருத்துவர் அல்லர், பயிற்சி பெற்ற தன்னார்வலர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமயத் தொண்டாகப் பிறந்த இம்முயற்சியை இன்று பல நாடுகளின் அரசுகள் பொதுச் சுகாதாரப் பணியாக ஏற்றுள்ளன.

முன்னோடிகள்

நியூயார்க்கில் பாப்டிஸ்ட் போதகர் ஹாரி வாரன் 1906-இல் ‘சேவ்-எ-லைஃப் லீக்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். உயிரை விட எண்ணுவோர் அதற்கு முன் தன்னிடம் வந்து பேசும்படி செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனில் சால்வேஷன் ஆர்மியும் இதற்கெனத் தனி அலுவலகம் திறந்தது. வியன்னாவில் உளநல மருத்துவர் எர்வின் ரிங்கல் 1948-இல் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸின் துணையோடு ஒரு மையம் அமைத்தார். உயிர் பிழைத்தோரிடம் அவர் நடத்திய ஆய்வு, தற்கொலை முயற்சிக்கு முன்பே மனநிலையில் அடையாளம் காணத்தக்க மாற்றங்கள் தோன்றுகின்றன என்று காட்டியது. முன்கூட்டியே தெரியும் என்றால் தடுக்கவும் முடியும். பன்னாட்டுத் தற்கொலைத் தடுப்புச் சங்கமும் அவருடைய முயற்சியால் வியன்னாவிலேயே 1960-இல் உருவானது.

சமாரிட்டன்ஸ்

இன்றைய தொலைபேசி மையங்களுக்கு மூலவடிவம் தந்தவர் ஆங்கிலிக்கன் பாதிரியார் சாட் வாரா (1911–2007). 1935-இல் லிங்கன் நகரில் அவர் நடத்திவைத்த முதல் இறுதிச்சடங்கு, தற்கொலையால் இறந்த பதின்ம வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. முதல் மாதவிடாயைப் பால்வினை நோய் என்று அஞ்சிய அச்சிறுமிக்கு, அதைக் கேட்டுத் தெளிய ஓர் ஆள் இல்லை. 1953 நவம்பர் 2 அன்று, லண்டன் செயின்ட் ஸ்டீஃபன் வால்புரூக் தேவாலயத்தில் இருந்த தொலைபேசியைக் கொண்டே வாரா தம் பணியைத் தொடங்கினார்.

வந்தவர்களுக்கு ஆலோசனை சொல்வது அவர் வேலை என்றும், காத்திருப்போருக்குத் தேநீர் கொடுப்பது தன்னார்வலர்கள் வேலை என்றும் முதலில் பிரித்திருந்தார்கள். ஆனால் தன்னார்வலரிடம் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்று கிளம்பிப் போனார்கள். இதைக் கவனித்த வாரா, 1954 பிப்ரவரியில் அப்பணியைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். இதற்கிடையே 1953 டிசம்பரில் ‘டெய்லி மிரர்’ நாளிதழ் செய்தியொன்றில் இட்ட பெயர் நிலைத்து, அமைப்பே ‘சமாரிட்டன்ஸ்’ ஆயிற்று. சமயம் பரப்பக் கூடாது, தீர்ப்புச் சொல்லக் கூடாது, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பவை இதன் விதிகள். தற்கொலை முயற்சி இங்கிலாந்தில் 1961 வரை குற்றமாக இருந்ததால், ரகசியம் காப்பது அன்று அழைத்தவரின் பாதுகாப்புக்கும் அவசியமாக இருந்தது.

உலகப் பரவல்

லாஸ் ஏஞ்சலிஸில் எட்வின் ஷ்னைட்மன், நார்மன் ஃபார்பெரோ ஆகிய உளவியலாளர்கள் 1958-இல் ஆய்வும் சேவையும் இணைந்த மையம் ஒன்றைத் தொடங்கினர். ஆஸ்திரேலியாவில் 1963-இல் ‘லைஃப்லைன்’ வந்தது. சிங்கப்பூரில் 1969-இலும், கோலாலம்பூரில் 1970-இலும் மையங்கள் அமைந்தன. கொழும்பில் ஜோன் டி மெல் 1974-இல் ‘சுமித்ராயோ’வை நிறுவினார். தில்லியில் ‘சஞ்சீவினி’ 1976-இல் தொடங்கியது.

தமிழ்நாட்டில்

சென்னையில் உளநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் ‘சினேகா’ மையத்தை நிறுவினார். அழைப்புகளைக் கேட்பதோடு நில்லாமல், அவற்றில் திரும்பத் திரும்ப ஒலித்த காரணங்களைக் களைவதிலும் சினேகா இறங்கியது. பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாட்களில் மாணவர்களுக்காகக் கூடுதல் கவனம் செலுத்தியது. தோல்வியுற்றவர்கள் ஓர் ஆண்டு காத்திராமல் உடனே மறுதேர்வு எழுத வேண்டும் என்று அது வலியுறுத்தியதும், தமிழக அரசு சிறப்புத் துணைத் தேர்வுகளைக் கொண்டுவரக் காரணமாயிற்று. கடலூர் மாவட்டச் சிற்றூர்களில், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டிய பெட்டகங்களில் வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது. தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களில், முகாம்வாசிகளுக்கே பயிற்சி தந்து, ஆபத்தில் இருப்போரோடு அவர்களைத் தொடர்பில் வைத்தது. 2017-இல் வெளியான ஆய்வின்படி, அந்த முகாம்களில் தற்கொலை முயற்சிகள் குறைந்தன.

சட்டத்தின் மாற்றம்

இந்தியத் தண்டனைச் சட்டம் (1860) பிரிவு 309, தற்கொலை முயற்சிக்கு ஓர் ஆண்டு வரை சிறை விதித்தது. இதனால் பல குடும்பங்கள் மருத்துவமனையில் ‘தவறுதலாக நடந்துவிட்டது’ என்று சொல்லி மறைத்தன; மனநல உதவியும் அவர்களுக்குக் கிடைக்காமல் போனது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறியது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவு இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு முயல்வது மட்டுமே அதில் குற்றம். இலங்கை 1998-இலும், சிங்கப்பூர் 2020-இலும், மலேசியா 2023-இலும் தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கின.

அரசுப் பணியாக

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸைத் தலைமை மையமாகக் கொண்டு மத்திய அரசு ‘டெலி மானஸ்’ (14416) என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. 2030-க்குள் தற்கொலை இறப்புகளை 10 விழுக்காடு குறைப்பதை இலக்காகக் கொண்ட தேசிய உத்தியும் 2022 நவம்பரில் வெளியானது.

செயல்முறை

தன்னார்வலர் முதலில் கேட்கிறார். அழைத்தவர் அழுதால் அழவிடுகிறார், மௌனமாக இருந்தால் பொறுத்திருக்கிறார். ‘உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?’ என்று ஒப்பிடுவதில்லை. ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேரடியாகவே கேட்கிறார். அப்படிக் கேட்பது எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற அச்சம் பொதுவாக உண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. வெளிப்படையாகக் கேட்கப்படுவது பலருக்கு ஆறுதலையே தருகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மருத்துவ உதவிக்கும், நோய் அறிகுறி தெரிந்தால் உளநல மருத்துவருக்கும் வழிகாட்டுகிறார்.

பயனும் வரம்பும்

பெயர் கேட்காத சேவையின் பலனை அளவிடுவது கடினம். ஆனால் அதன் அடிப்படையான தொடர் அக்கறைக்கு வலுவான சான்றுகள் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் சிகிச்சையைத் தொடராதவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் நலம் விசாரிக்கும் சிறு கடிதங்களை 5 ஆண்டுகள் அனுப்பினார். முதல் 2 ஆண்டுகளில் அவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. சென்னை, கொழும்பு உள்ளிட்ட 5 நகரங்களில் 1,867 பேரிடம் உலகச் சுகாதார அமைப்பு நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. முயற்சிக்குப்பின் ஒரு மணி நேர உரையாடலும், 18 மாதங்களில் 9 முறை நலம் விசாரிப்பும் பெற்றவர்களில் 0.2 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினரும் தற்கொலையால் இறந்தனர்.

செவிமடுத்தல் மட்டும் போதாது என்பதற்கு இலங்கை சான்று. 1990-களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களுள் ஒன்றைக் கொண்டிருந்த அந்நாடு, கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து நீக்கியதால், அந்த விகிதத்தைப் பெருமளவு குறைத்தது. கடன், வன்முறை, குடிநோய், மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் தனித்தனித் தீர்வுகள் தேவை.

உதவி பெற

தமிழ்நாட்டில் 14416, 104 ஆகிய எண்களையோ சினேகாவையோ (044-24640050) அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. தமக்காக மட்டுமின்றி, கவலை தரும் நிலையில் இருக்கும் உறவினருக்காகவோ நண்பருக்காகவோ அழைத்தும் வழி கேட்கலாம்.