கொழும்பின் பழைய கார்களும் கெட்டியான ஒயிலும்

ரொறொன்ரோவில் வாழும் பள்ளித்தோழர் ஒருவர் கடந்த வாரம் மின்னஞ்சல் ஒன்று அனுப்பியிருந்தார். வெள்ளவத்தையில் தனித்து வாழும் தாயாருக்காக 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா கொரோலா ஒன்றை வாங்கியிருக்கிறாராம். மீற்றர் 2,30,000 கிலோமீற்றர் காட்டுகிறது. எந்த ஒயில் ஊற்றுவது, எந்த வடிகட்டி போடுவது என்பது அவருடைய கேள்வி. "பழைய எஞ்சினுக்குக் கெட்டியான ஒயில்தான் நல்லது என்று கராஜில் சொல்கிறார்கள்" என்றும் எழுதியிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்தக் கெட்டியான ஒயில் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததும் அறுபது வருட வரலாறு குறுக்கே வந்து நின்றது.

எழுபதுகளில் என் தந்தையாரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அவர் வாங்கும்போதே மூவர் கை மாறிய வண்டி. 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. புதிய காரைப் பற்றி எவரும் பேசியதில்லை. புதிய பிஸ்டன் வளையம் கிடைப்பதே பெரும்பாடு. மாதத்தில் ஒரு ஞாயிறு தந்தையார் காரைக் கொட்டாஞ்சேனைக்கு ஓட்டிச் செல்வார். அங்கிருந்த பாஸ், பின்புறம் வரும் நீலப்புகையைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், கெட்டி ஒயிலா ஊத்துங்கோ, இன்னும் ரெண்டு வருசம் ஓடும்" என்பார். அதில் பிழையில்லை. தேய்ந்துபோன எஞ்சினில் இடைவெளிகள் அகன்றுவிடும். மெல்லிய ஒயில் அவற்றினூடாக நழுவிப் போய் எரியும். உதிரிப்பாகம் கிடைக்காத நாட்டில் அந்த இடைவெளியை அடைக்க ஒயிலைத் தவிர வேறு என்ன இருந்தது?

வடிகட்டியின் கதை இன்னும் பரிதாபம். அந்தக் காரில் அது ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும் மாற்றக்கூடிய உள்ளீடு. மாற்றுவதற்குப் புதியது கிடைக்காததால், தந்தையார் அதை மண்ணெண்ணெயில் அலசி மதிலில் காயவைத்து மீண்டும் பூட்டுவார். அது எதை வடித்ததோ தெரியாது.

எந்த ஒயில் வாங்குவது என்ற தெரிவும் அன்று காரோட்டிக்கு இல்லை. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் பின்னால் நின்றவர் வர்த்தக அமைச்சர் டி. பி. இலங்கரத்ன. ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் ஆகிய மூன்று கம்பனிகளின் நிலையங்களும் கட்டங்கட்டமாக அரசின் கைக்கு வந்தன. நட்டஈடு தரப்படவில்லை என்று 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்கா இயற்றிய சட்டத்திருத்தம் ஒன்று முதன்முதலில் பாய்ந்தது நம் சிறிய தீவின்மீதுதான். 1965இல் டட்லி சேனநாயக்க அரசு வந்து நட்டஈட்டுக்கு இணங்கிய பின்னரே விவகாரம் ஓய்ந்தது. ஆயினும் ஒற்றை விற்பனையாளர் என்ற ஏற்பாடு நீடித்தது. 1994இல் உராய்வுநீக்கி ஒயில் பிரிவின் பெரும்பங்கு விற்கப்பட்டபோது வாங்கியது யார் தெரியுமா? முப்பது வருடங்களுக்கு முன்னர் வெளியேற்றப்பட்ட அதே கல்ரெக்ஸ். மற்றப் பெயர்கள் கடைத்தட்டுகளில் தாராளமாகத் தோன்றியது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில்தான்.

(இடையே ஒரு பத்திரிகைக்காரனின் ஒப்புதல் வாக்குமூலம். நிலத்திலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயை நாம் 'மசகு எண்ணெய்' என்று எழுதிப் பழகிவிட்டோம். மசகு என்பது வண்டியச்சுக்குப் பூசுவது. எஞ்சின் ஒயிலுக்கே பொருந்தவேண்டிய சொல். அந்தத் தவறை நானும் ஆயிரம் தலைப்புகளில் செய்திருக்கிறேன்.)

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. எண்பதுகளில் ஜப்பானின் பழைய கார்கள் வரத் தொடங்கின. தந்தையார் மொறிஸை விற்க மனமின்றி வைத்திருந்தார். 1983 யூலை 25ஆம் திகதி, திங்கட்கிழமை, எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்தவர்கள் அதை வீதிக்குத் தள்ளிச் சென்று கொளுத்தினார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சமையலறையில் ஒளிந்திருந்தோம். ரயர் எரியும் மணத்துக்கிடையே ஒயில் எரியும் மணத்தைத் தந்தையார் தனியாக அடையாளம் கண்டார் என்று அம்மா பின்னர் சொல்வார். அதன் பிறகு அவர் கார் வாங்கவில்லை. கெட்டி ஒயில் என்ற அறிவுரை மட்டும் எங்கள் வீட்டில் மிஞ்சியது.

அதைப் பல வருடங்கள் கழித்து நான் என் சொந்தக் காரில் பரீட்சித்தேன். அதுவும் நண்பர் வாங்கிய அதே 121 வகைக் கொரோலாதான். இரண்டு இலட்சத்தைத் தாண்டியதும் தந்தையாரை நினைத்துக்கொண்டு 20டபிள்யூ-50 ஊற்றினேன். காலையில் இயக்கும்போது சங்கிலி சலசலக்கத் தொடங்கியது. சில மாதங்களில் இழுவை குறைந்தது. கழற்றிப் பார்த்த இளைஞர், வால்வு நேரத்தை மாற்றும் பொறிக்கு ஒயில் செல்லும் வழியிலிருந்த விரல்நுனியளவு சல்லடையை என் உள்ளங்கையில் வைத்தார். கரிப்பசையால் அடைபட்டிருந்தது. "அங்கிள், இந்த எஞ்சினுக்கு ஒயில் வெறும் மசகு இல்லை, அதுதான் கையும் காலும்" என்றார். சங்கிலியை இறுக்குவதும் ஒயிலின் அழுத்தமே. குற்றம் முழுவதும் ஒயிலுடையதல்ல. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடையில் மலிவாக வாங்கிய வடிகட்டி, பெயர்பெற்ற பெட்டியில் வந்த போலி. வெட்டிப் பார்த்தபோது உள்ளே மடிப்புகள் அரைவாசிகூட இல்லை.

எண்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஒயிலைத் தடிப்பின்படி வகுக்கும் எஸ்ஏஇ முறை 1911இல் தொடங்கியது. டபிள்யூ என்பது குளிர்காலம். கொழும்பில் குளிர்காலம் ஏது என்று பலர் சிரிப்பார்கள். ஆனால் 28 பாகையில் கிடக்கும் எஞ்சினும், 100 பாகையில் ஓடும் எஞ்சினோடு ஒப்பிட்டால் குளிர்ந்ததுதான். அந்த முதற்கணத்தில் ஒயில் பல மடங்கு தடித்திருக்கும். முன் எண் சிறிதானால் மேலே விரைவாக ஏறும். பின் எண் சூட்டில் உள்ள தடிப்பு. அதிக தூரம் ஓடிய கார்களுக்கென்று தனி ஒயிலை அமெரிக்காவின் வல்வோலின் 2000இல் கொண்டுவந்தது. இறுகிய ரப்பர்ச் சீல்களை மென்மையாக்கும் கலவை அதில் உண்டு. சிறு கசிவுக்கு உதவும். தேய்ந்த உலோகத்தை அது வளர்த்துத் தராது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் எழுபதுகள் திரும்பி வந்ததுபோல் இருந்தது. இருபது வயதுக் கார்கள் சொத்தாகின. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் ஒயில் மாற்றுவதை ஒத்திப்போட்டார்கள். போத்தலில் சில்லறையாக விற்கும் பெயரற்ற ஒயிலை ஊற்றினார்கள். அதன் விளைவுடன்தான் இன்று பல கார்கள் விற்பனைக்கு வருகின்றன. மீற்றரைப் பின்னோக்கிச் சுழற்றியிருந்தாலும் ஒயில் மூடியைத் திறந்தால் உட்புறக் கரிப்பசை உண்மையைச் சொல்லிவிடும்.

ஆகவே நண்பருக்கு எழுதியது இதுதான். முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். அளவுகோலை வாரம் ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காருடன் வந்த கையேடு சொல்லும் 5டபிள்யூ-30 ஊற்றுங்கள். ஆயிரம் கிலோமீற்றருக்குள் அரை லீற்றருக்கு மேல் குறைந்தால் 10டபிள்யூ-30, அதற்கும் அடங்காவிட்டால் 10டபிள்யூ-40. ஏபிஐ முத்திரையில் எஸ்என் அல்லது எஸ்பி என்று இருக்கட்டும். முகவரிடம் பற்றுச்சீட்டுடன் வடிகட்டி வாங்கி, ஒவ்வொரு முறையும் ஒயிலோடு சேர்த்து மாற்றுங்கள். காலி வீதி நெரிசலில் நின்று நின்று ஓடும் காருக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. அம்மா கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வருவதால் ஆறு மாதம்தான் முந்தும்.

கனடாவிலிருந்து ஒயில் போத்தல் கொண்டுவரட்டுமா என்று மறுபடி கேட்டிருக்கிறார். வேண்டாம், இப்போது இங்கே எல்லாம் கிடைக்கிறது என்று எழுதினேன்.