மலைப்பறவையும் கல்கத்தாவின் சட்டங்களும்: 1878ஐ முன்வைத்துச் சில குறிப்புகள்

கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டுக்கு அப்பெயர் ஒரு மான் பூங்காவால் வந்தது. வில்லியம் கோட்டை உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மாளிகையைச் சார்ந்திருந்த பூங்கா அது. அவருடைய மனைவி மேரி இம்பே அங்கே பல்வேறு நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் வளர்த்தார். 1777 முதல் 1783 வரை பாட்னாவைச் சேர்ந்த ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூன்று ஓவியர்களைக் கொண்டு அவற்றை வரையச் செய்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட அந்த ஓவியங்கள் இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன.

இமயத்தின் உயர்சரிவுகளில் வாழும் மொனால் என்னும் பறவையின் அறிவியல் பெயரில் இம்பேயின் பெயர் நிலைத்திருப்பது இந்தத் தொடர்பினால்தான். ஆங்கிலப் பறவையியலாளர் ஜான் லேத்தம் 1790இல் அப்பெயரை இட்டார். மொனால், மயிலும் காட்டுக்கோழியும் அடங்கிய ஃபெசன்ட் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழியும் இதே குடும்பம்தான். கோடையில் நாலாயிரம் மீட்டருக்கும் மேலே மேயும் மொனால், பனி இறங்கியதும் கீழுள்ள காடுகளுக்கு வந்துசேரும். மலைமக்களின் கண்ணிக்கும் துரைமாரின் துப்பாக்கிக்கும் அது எளிதில் அகப்பட்ட பருவம் இதுவே.

பெயர்களின் வரலாறு இங்கே ஒரு சிக்கலை முன்வைக்கிறது. கார்வால், குமாவுன் பகுதிகளில் ‘மொனால்’ என்பது இந்தப் பறவையைக் குறிக்கும். நேபாளி மொழியிலோ இதன் பெயர் ‘டாம்பே’. ‘முனால்’ என்பது செந்நிற உடலில் வெண்புள்ளிகள் கொண்ட டிராகோபானைச் சுட்டும். இன்றைய மேற்கு வங்கத்தின் சிங்கலீலா மலைத்தொடரில் நேபாளி பேசுவோர் ‘முனால்’ என்று சொல்வது அந்தப் பறவையைத்தான். ஆங்கில வேட்டைக்காரர்கள் டிராகோபானை ‘ஆர்கஸ்’ என்று அழைத்தனர். உண்மையான ஆர்கஸ் மலாய்த் தீபகற்பத்துப் பறவை. ஆகவே, பழைய வேட்டைக் குறிப்புகளில் உள்ள பெயரை வைத்து எந்தப் பறவை எங்கே சுடப்பட்டது என்று முடிவு செய்ய முனையும் ஆய்வாளர், எழுதியவரின் மொழியையும் அவருக்கு வழிகாட்டியவரின் மொழியையும் முதலில் அறிந்தாக வேண்டும்.

இனி 1878ஆம் ஆண்டுக்கு வரலாம். கல்கத்தாவிலிருந்து ஆண்ட இந்திய அரசு அவ்வாண்டில் மூன்று சட்டங்களை இயற்றியது. 7ஆம் சட்டம் இந்திய வனச் சட்டம். 9ஆம் சட்டம் நாட்டுமொழிப் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தியது. 11ஆம் சட்டம் ஆயுதச் சட்டம். அரசியல் வரலாற்று நூல்கள் பின்னிரண்டையும் லிட்டன் பிரபுவின் ஒடுக்குமுறைகளாகச் சேர்த்துப் பேசுகின்றன. வனச் சட்டம் சூழலியல் வரலாற்றின் தனி அத்தியாயமாக ஒதுக்கப்பட்டுவிடுகிறது. மலைச்சரிவில் நின்று பார்த்தால் 7ஆம் சட்டத்தையும் 11ஆம் சட்டத்தையும் பிரித்துப் படிக்க இயலாது.

வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக அறிவிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. காப்புக்காட்டுக்குள் விதிகளை மீறி வேட்டையாடுவதும், சுடுவதும், மீன்பிடிப்பதும், நீரில் நஞ்சு கலப்பதும், கண்ணியோ பொறியோ வைப்பதும் குற்றமாயின. ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கோரியது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. தலைமுறைகளாகக் கண்ணி வைத்து வந்த சரிவு ஒரு சட்டத்தால் அரசின் சொத்தாயிற்று. அங்கே அனுமதிக்கப்பட்ட வேட்டைக்கான கருவி மற்றொரு சட்டத்தால் பெரும்பாலும் ஆள்வோரின் கைக்குப் போயிற்று. விதிகளுக்கு உட்பட்டுத் துப்பாக்கியால் சுட்டவர் ‘விளையாட்டு வீரர்’. கண்ணி வைத்தவர் ‘களவு வேட்டைக்காரர்’. ‘பொது நிலம்’ என்ற சொல்லில் ‘பொது’ யார் என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு எதிர்க்குரல் அரசுக்குள்ளேயே இருந்தது. வனச் சட்ட வரைவுகள் விவாதிக்கப்பட்ட காலத்தில், காடுகளின் மீது ஊராருக்கு நெடுங்கால உரிமை உண்டு என்று சென்னை மாகாண வருவாய் வாரியம் வாதிட்டது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்க்காமலேயே வந்தது; அங்கே தனிச்சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. ஆனால் வேட்டையைப் பொறுத்தவரை நீலகிரி பின்தங்கவில்லை. 1877இல் அங்கே வேட்டைச் சங்கம் தோன்றியது; 1879இல் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

அதே 1879இல் ‘இந்தியா, பர்மா, இலங்கை நாடுகளின் வேட்டைப் பறவைகள்’ என்ற நூலின் முதல் தொகுதி கல்கத்தாவில் வெளியாயிற்று. 1881க்குள் மூன்று தொகுதிகளும் நிறைவெய்தின. ஆசிரியர்கள் ஆலன் ஆக்டேவியன் ஹியூமும் சி. எச். டி. மார்ஷலும். காங்கிரஸின் நிறுவனர்களுள் ஒருவராகத் தமிழ் மாணவர்கள் அறிந்துள்ள ஹியூம், அதற்கு முன்பே இந்தியப் பறவையியலின் மையமாக விளங்கினார். இமய ஃபெசன்ட்கள் பற்றிய பகுதிகளில் அவர் பெரிதும் சார்ந்திருந்தது ‘மௌன்டனியர்’ என்ற புனைபெயரில் எழுதிய பிரடெரிக் வில்சனின் குறிப்புகளை. கங்கையின் மேல்பள்ளத்தாக்கில் ஹர்சிலில் வாழ்ந்த வில்சன், மரவாணிபத்தால் பெருஞ்செல்வர் ஆகுமுன் வேட்டையை நம்பிப் பிழைத்தவர். எந்தப் பருவத்தில் மொனால் எந்தச் சரிவில் இருக்கும், ஆள் அரவம் கேட்டால் எத்திசையில் பறக்கும் என்ற நுட்பமான அறிவு மலைவாசிகளான வழிகாட்டிகளின்றி அவருக்கு வாய்த்திருக்காது. அவர்களோ இத்தகைய நூல்களில் பெரும்பாலும் ‘ஷிகாரி’ என்றும் ‘கூலி’ என்றும் பெயரின்றித் தோன்றுகின்றனர். நூறு ஆண்டுகளுக்கு முன் ஜைனுதீன் தம் ஓவியங்களில் கையொப்பமிட்டிருந்தார். அறிவு கல்கத்தாவின் அச்சகத்தை எட்டியபோது அதைத் தந்தவரின் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

1887ஆம் ஆண்டு இந்த முரணை மேலும் கூர்மையாக்குகிறது. அவ்வாண்டு வந்த காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம், இனப்பெருக்கப் பருவத்தில் புதிதாகக் கொல்லப்பட்ட பறவைகளை நகராட்சி, கன்டோன்மென்ட் எல்லைகளுக்குள் வைத்திருப்பதையும் விற்பதையும் தடைசெய்ய வழிவகுத்தது. அதாவது, அச்சட்டத்தின் பார்வை நகரச் சந்தையில் இருந்தது. அவ்வாண்டு இறுதியில் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸில், வங்கத்திலிருந்து வந்த பிபின் சந்திர பால் ஆயுதச் சட்டத்தை நீக்க வேண்டும் என்று முழங்கினார். இந்தியரின் மானத்தையும் இனப்பாகுபாட்டையும் பற்றிய நியாயமான குரல் அது. ஆனால் துப்பாக்கி உரிமம் கேட்டுப் பெறும் நிலையிலிருந்த நகர்ப்புறத்தாரின் குறை மேடையேறிய அளவுக்கு, மலைச்சரிவில் கண்ணி வைத்தவரின் குறை மேடையேறவில்லை.

பறவைகளின் பக்கமிருந்தும் கணக்குப் பார்க்க வேண்டும். இமயக் காடை கடைசியாக 1876இல் நைனிதால் அருகே சுடப்பட்டது. அதன்பின் அது உறுதியாகப் பதிவாகவே இல்லை. ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளுக்காக இறகு வாணிபம் பெருகிய நிலையில், 1902இல் இந்திய அரசு இறகுகள், பறவைத் தோல்களின் ஏற்றுமதியைத் தடுத்தது. 1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் ஃபெசன்ட்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆகவே கட்டுப்பாடே தேவையற்றது என்று வாதிட இடமில்லை. அதன் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டது என்பதே வினா.

அமெரிக்காவில் வான்கோழி வேட்டையின் வரலாறு வேறு திசையில் சென்றது. அங்கே துப்பாக்கி, தோட்டா மீதான வரி 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வனவுயிர் மீட்புக்குத் திருப்பப்பட்டது. அரசு நிலத்தில் உரிமம் பெற்ற எவரும் வேட்டையாடலாம். ஆனால் அந்த ‘அரசு நிலம்’ பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை அங்குள்ள வரலாற்றாசிரியர்களும் நினைவூட்டுகின்றனர்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காடுவாழ் மக்களின் மரபுரிமைகளை ஏற்றபோதும், வேட்டையாடும் உரிமையை வெளிப்படையாக விலக்கியது. இன்றைய சட்டத்தின் முன் துரையின் வாரிசும் ஷிகாரியின் வாரிசும் ஒன்றே. ஆவணத்தின் முன் அவர்கள் இன்னும் ஒன்றாகவில்லை. ஒருவருடைய வேட்டை மூன்று தொகுதிகளாக நூலகங்களில் இருக்கிறது. மற்றவருடைய அறிவு அந்நூல்களின் வரிகளுக்குள் கரைந்து கிடக்கிறது. வன வழக்குப் பதிவேடுகளையும் மலைமொழிகளின் பறவைப் பெயர்களையும் சேர்த்து வாசிக்கும் மாணவருக்கே அது புலப்படும்.