வயர்லெஸ் அலாரம் வாங்கப் போறீங்களா? முதலில் அலைவரிசையைப் பாருங்கள்

2019-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள நார்த் ஓல்ம்ஸ்டெட் நகரில், சில தெருக்களில் மட்டும் கார் சாவி ரிமோட்களும் கராஜ் கதவு ரிமோட்களும் பல வாரங்கள் வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்ததில் சிக்கியது ஒரு சின்னக் கருவி. வீட்டு மாடியில் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ள, அங்கு வசித்த ஒருவர் தானே செய்து வைத்தது. அது 315 மெகாஹெர்ட்ஸில் விடாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஊர் ரிமோட்கள் பயன்படுத்துவதும் அதே அலைவரிசைதான். கருவியை நிறுத்தியதும் எல்லாம் சரியானது.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? கதவு சென்சார், மோஷன் சென்சார், சைரன் எல்லாமே சின்ன ரேடியோக்கள்தான். தப்பான அலைவரிசையில் இயங்கினால் அடுத்தவருக்குத் தொல்லை. நெரிசலான அலைவரிசையில் இயங்கினால், திருடன் வரும் நேரத்தில் உங்க அலாரமே பேசாமல் போகலாம்.

இந்தியாவில் எது அனுமதி?

ரேடியோ கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்பது 1933-ம் ஆண்டு சட்டக் காலத்திலிருந்து இங்கே அடிப்படை விதி. குறைந்த திறன் கருவிகளுக்கு மட்டும் சில அலைக்கற்றைகளில் விலக்கு உண்டு. வீட்டு அலாரத்துக்குப் பொருந்தும் முக்கியமானவை:

• 433–434 மெகாஹெர்ட்ஸ்: கட்டடத்துக்குள் பயன்படுத்த மட்டும், 10 மில்லிவாட் வரை.
• 865–868 மெகாஹெர்ட்ஸ்: டிரான்ஸ்மிட்டர் திறன் 1 வாட் வரை. 2005-ல் 867 வரை திறக்கப்பட்டது, 2021-ல் 868 ஆக நீண்டது.
• 2400–2483.5 மெகாஹெர்ட்ஸ்: வைஃபை, புளூடூத், ஜிக்பீ எல்லாம் இங்கேதான்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தால்?

சொந்தக்காரர் சூட்கேஸில் வரும் அலாரம் கிட்டில்தான் சிக்கல் அதிகம். இசட்-வேவ் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று, அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 865.2, ஐரோப்பாவில் 868.4, அமெரிக்காவில் 908.4 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பியக் கருவி நம் எல்லையான 868-ஐ நூலிழையில் தாண்டுகிறது. அமெரிக்கக் கருவி நேராக 880–915 மெகாஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. நம்ம ஊரில் 900 பேண்டில் செல்போன்கள் டவரிடம் பேசும் பாதை அது. தொலைவில் உள்ள போனின் மெல்லிய சிக்னலுக்காக டவர் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டு அலாரம் குறுக்கே பேசினால் எப்படி இருக்கும்?

செட்டிங்கில் நாட்டை மாற்றினால் போதாதா என்றால், பல கருவிகளில் அலைவரிசை ஹார்டுவேரிலேயே நிர்ணயிக்கப்பட்டிருக்கும்.

முத்திரை இருக்கே, போதாதா?

பெட்டியில் உள்ள எஃப்சிசி முத்திரை அமெரிக்காவுக்கு, சிஇ முத்திரை ஐரோப்பாவுக்கு. பிஐஎஸ் எண் மின் பாதுகாப்பைச் சொல்லும், ரேடியோவைப் பற்றி அல்ல. இங்கே பார்க்க வேண்டியது இடிஏ. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் கருவி வகை ஒப்புதல் இது. இதைப் பெறுவது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் வேலை. ஆன்லைனில் ரேடியோ கருவி விற்பவர்கள் அலைவரிசை, ஒப்புதல் விவரங்களைக் காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. விவரம் இல்லையா? விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

உரிமம் வேண்டாம் என்றால் பாதுகாப்பும் இல்லை

பலர் கவனிக்காத இடம் இதுதான். விலக்கு பெற்ற அலைக்கற்றை எல்லோருக்கும் பொது. உங்க கருவி உரிமம் பெற்றவருக்கு இடையூறு செய்தால் நிறுத்த வேண்டியது நீங்கள். மற்றவரின் கருவி உங்களுடையதைக் கெடுத்தால், பாதுகாப்பு கோர முடியாது. அதனால் இடையூறைத் தாங்கும் கருவியை வாங்குவதுதான் உங்க கையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு.

விலை குறைந்த 433 மெகாஹெர்ட்ஸ் சென்சார்கள் பல ஒருவழிப் பேச்சு: கதவு திறந்ததும் சிக்னலை அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் தூங்கப் போய்விடும். அதே நொடியில் பக்கத்து ஃபிளாட் காலிங் பெல் அழுத்தப்பட்டால் செய்தி தொலையலாம். இருவழிக் கருவி, ஹப்பிடமிருந்து பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும்.

வாங்கும்முன் பாருங்கள்

• அலைவரிசை எண்ணும் இடிஏ விவரமும் இருக்கிறதா?
• இருவழித் தொடர்பா?
• சென்சார் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை 'இருக்கேன்' என்று ஹப்புக்குச் சொல்கிறதா? சத்தம் நின்றால் எச்சரிக்கை வருமா?
• யாராவது சிக்னலை முடக்க முயன்றால் கண்டுபிடிக்குமா? அரசு அனுமதியில்லாமல் ஜாமர் வைத்திருப்பது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி தடை. ஆனால் திருடன் சட்டம் பார்த்து வரமாட்டான்.

வாங்கிய பிறகு

ஹப்பை வைஃபை ரவுட்டர், மைக்ரோவேவ், இரும்பு பீரோ பக்கத்தில் வைக்காதீர்கள். ஜிக்பீ என்றால் சேனல் 25-ஐ முயன்று பாருங்கள். வைஃபையின் 1, 6, 11 மூன்றிலிருந்தும் அது விலகி நிற்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து சைரன் அடிக்கிறதா என்று பாருங்கள். மெயின் கதவுக்கு மட்டுமாவது வயர் இழுக்க முடிந்தால், இந்தக் கவலையே வேண்டாம்.