வழிப்போக்கனின் ஹலால் உணவு: மேற்குக் கரை தரும் சான்றுகள்

ஹலால் உணவு பற்றி இன்று நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகின்றன. ஒன்று விலங்கை அறுக்கும் முறை. மற்றொன்று பொட்டலத்தின்மீது அச்சிடப்படும் சான்று முத்திரை. வரலாறு பயில்வோர் இவற்றுக்கு முன்னதாக எழுப்ப வேண்டிய வினா வேறொன்று. முத்திரை என்ற ஒன்றே இல்லாத நூற்றாண்டுகளில், மொழி அறியாத ஊரில் வந்திறங்கிய முஸ்லிம் வழிப்போக்கன் எதை உண்டான்? யாரை நம்பி உண்டான்? இந்தியாவின் மேற்குக் கரை இவ்வினாவுக்கு விடை காணப் போதிய சான்றுகளை விட்டுச்சென்றிருக்கிறது. அவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, அவனுடைய இடர்ப்பாடு கத்தியில் இருந்ததைக் காட்டிலும் சமைக்கும் கலத்தில்தான் மிகுதியாக இருந்தது என்பது புலனாகிறது.

முதலில் சட்டத்தின் நிலை. தானியம், காய்கனி, பால், நெய் ஆகியவை எவர் நிலத்தில் விளைந்தாலும், எவர் கையிலிருந்து வந்தாலும் இஸ்லாமியச் சட்டப்படி ஆகுமானவை. மீனுக்கு அறுப்பு தேவையில்லை. மதுவும் பன்றி இறைச்சியும் முற்றாக விலக்கப்பட்டவை. தரைவாழ் விலங்கு, பறவை ஆகியவற்றின் இறைச்சிக்கே அறுப்பு பற்றிய நிபந்தனைகள் உள்ளன: அறுப்பவர் முஸ்லிமாகவோ வேதம் பெற்ற சமூகத்தவராகவோ இருக்க வேண்டும், இறைவன் பெயர் சொல்லிக் கழுத்து நாளங்களை அறுத்துக் குருதி வடிய விட வேண்டும். கடல்வாழ் உயிரினங்களைப் பொறுத்தவரை ஹனஃபி மத்ஹபு மீனை மட்டும் அனுமதிக்க, ஷாஃபிஈ மத்ஹபு பெரும்பாலானவற்றை அனுமதிக்கிறது. கொங்கணம் முதல் கொல்லம் வரையிலான கரையோர முஸ்லிம்களிடையே வேரூன்றியது ஷாஃபிஈ மத்ஹபே. சோறும் மீனும் நெய்யும் தயிருமாக உண்ணும் ஒரு கரையில், சட்டத்தின் அளவில் வழிப்போக்கன் பட்டினி கிடக்க வேண்டிய காரணமே இல்லை. ஆயினும் அவன் பயணம் எளிதாக இருக்கவில்லை. ஏன் என்பதற்கான விடையைச் சமூகத்தின் அமைப்பில் தேட வேண்டும்.

கி.பி. 916இல், அதாவது ஹிஜ்ரி 304இல், மஸ்ஊதி இன்றைய மகாராஷ்டிரக் கரையிலுள்ள சைமூருக்கு வந்தார். பிற்காலத்தில் சௌல் எனப்பட்ட துறைமுகம் அது. அங்கு ஏறத்தாழப் 10,000 முஸ்லிம்கள் குடியிருந்ததாக அவர் எழுதுகிறார். சிராஃப், உமான், பஸ்ரா, பக்தாத் ஆகிய ஊர்களிலிருந்து வந்தவர்களும் இந்திய மண்ணிலேயே பிறந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்கு ‘ஹுனர்மன்’ என்ற தலைவர் ஒருவர் இருந்தார். முஸ்லிம்களுள் ஒருவரை அப்பதவிக்கு அமர்த்தியவன் அவ்வூர் மன்னன். அவன் முஸ்லிம் அல்லன். புதிதாக வந்திறங்கியவனுக்கு வழக்கு, வாரிசுரிமை, திருமணம் ஆகியவற்றில் தன் சட்டப்படி தீர்ப்பளிக்க ஓர் ஆள் இருந்தார் என்பதே இதன் பொருள். உணவைத் தேடுவதற்கு முன் ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

பத்தாண்டுகள் கழித்து, கி.பி. 926இல், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் இந்திரன் காலத்துச் சிஞ்சணிச் செப்பேடு இதற்கு மறுதலையான ஒரு காட்சியைத் தருகிறது. சஞ்சான் பகுதியை மன்னனுக்காக ஆண்ட அதிகாரி ‘மதுமதி’ எனக் குறிக்கப்படுகிறார். முகம்மது என்ற பெயரின் சமஸ்கிருத வடிவம் அது. அவர் தாஜிக, அதாவது அரபு, மரபினர். இரண்டு ஆறுகளில் கட்டணமில்லா ஓடம் விட்டதும், சஞ்சானில் உணவுச்சாலை ஒன்று அமைத்ததும் அவருடைய அறச்செயல்களாகச் செப்பேட்டில் பதிவாகியுள்ளன. அங்கு இலவசமாக வழங்கப்பட்டவை செந்நெற்சோறு, கறிவகை, நெய். சோறும் நெய்யும் எந்தச் சமூகத்தின் சட்டமும் விலக்காதவை. வழிப்போக்கர்களை ஆற்றைக் கடத்தி, சோறும் இடும் அறத்தை ஓர் அரபு மரபினர் இராஷ்டிரகூட அரசின் பெயரால் நடத்தினார் என்பது நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

மூன்றாம் சான்று சோமநாதபுரத்தைச் சேர்ந்தது. கி.பி. 1264இல் ஹோர்முஸ் நகரத்து நகுதாவான நூருத்தீன் ஃபிரோஸ் அங்கு ஒரு பள்ளிவாசல் கட்டினார். நகுதா என்பது மரக்கலத் தலைவரைக் குறிக்கும் சொல். இது பற்றிய கல்வெட்டு அரபியிலும் சமஸ்கிருதத்திலும் அமைந்தது. சமஸ்கிருத வாசகம் பள்ளிவாசலை ‘மிஜிகிதி’ என்கிறது. ஹிஜ்ரி 662, விக்கிரம ஆண்டு 1320, வலபி ஆண்டு 945, சிம்ம ஆண்டு 151 என நான்கு ஆண்டுக் கணக்குகளில் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. வாகேலா மன்னன் அர்ஜுனதேவன் ஆட்சியில், உள்ளூர்ப் பெரியவர்களின் துணையோடு நிலம் பெறப்பட்டது. விளக்கெண்ணெய், தண்ணீர், இமாம், பாங்கு சொல்பவர், கடலோடிகளின் வழக்கப்படி நடக்கும் விழாக்கள் ஆகியவற்றுக்கு வருவாய் ஒதுக்கப்பட்டது. எஞ்சியது மக்காவுக்கும் மதீனாவுக்கும் செல்ல வேண்டும். மேற்பார்வை கடலோடிகள், செக்காட்டுவோர் முதலியோரின் ஜமாஅத்துகளிடம் விடப்பட்டது. நகுதா வந்து போகிறவர். செக்காட்டுபவர் ஊரிலேயே இருப்பவர். வந்து போகிறவனின் தேவையை ஊரில் இருப்பவன் பேணுவதற்கான ஓர் ஒப்பந்தமாகவும் இக்கல்வெட்டைப் படிக்கலாம்.

இந்தப் பின்னணியோடு இப்னு பதூதாவிடம் வருவோம். 1342இல் தில்லியை விட்டுப் புறப்பட்ட அவர், கோவா முதல் கொல்லம் வரையிலான மலபார்க் கரையை இரண்டு மாதப் பயண நீளமுடையதாகக் கணக்கிட்டார். வழிநெடுக அரை மைலுக்கு ஒரு மரவீடு. அதில் எல்லாச் சமயத்தாரும் அமரத் திண்ணைகள். அருகே ஒரு கிணறு. அதைக் காக்க ஓர் ஆள். முஸ்லிம் அல்லாதவருக்குப் பாத்திரத்தில் தண்ணீர் தரப்பட்டது; முஸ்லிமுக்குக் கையில் ஊற்றப்பட்டது. முஸ்லிம் எவரும் அவர்களுடைய வீட்டினுள் நுழைவதில்லை. அவர்கள் கலத்தில் உண்பதுமில்லை. உண்டுவிட்டால் அந்தக் கலம் உடைக்கப்படும் அல்லது அவருக்கே கொடுக்கப்படும். முஸ்லிம் வீடு இல்லாத ஊரில் அவ்வூரார் அவனுக்காகச் சமைத்து வாழையிலையில் இட்டனர். எஞ்சியதை நாயும் பறவையும் தின்றன. ஆனால் தங்குமிடம் ஒவ்வொன்றிலும் முஸ்லிம் வீடுகள் இருந்தன. வழிப்போக்கர் அங்கு இறங்கி, வேண்டியதை வாங்கினர். அவ்வீட்டார் சமைத்துக் கொடுத்தனர். அவ்வீடுகள் இல்லையேல் முஸ்லிம் எவரும் அந்நாட்டில் பயணம் செய்ய இயலாது என்பது இப்னு பதூதாவின் முடிவு.

இப்பகுதியை மேற்கோள் காட்டுவோர் இரு தரப்பினர். திண்ணையையும் கிணற்றையும் காட்டி நல்லிணக்கம் என்பர் சிலர். உடைக்கப்பட்ட கலத்தைக் காட்டித் தீண்டாமை என்பர் வேறு சிலர். இரண்டுக்கும் அங்கே இடமுண்டு. ஆனால் அவருடைய இறுதி வாக்கியத்துக்கு இரு தரப்பும் உரிய இடம் தருவதில்லை. தனக்குக் கிடைத்த உணவு ஆகுமானதா என்ற ஐயத்தை இப்னு பதூதா இவ்விடத்தில் எழுப்பவில்லை. தடை விருந்தினனின் சட்டத்திலிருந்து வரவில்லை. விருந்து தருபவரின் சாதித் தூய்மையிலிருந்து வந்தது. வாழையிலை அந்தத் தடைக்குக் கிடைத்த தீர்வு: கழுவித் திரும்ப எடுக்க வேண்டாத கலம் அது. அதே வேளையில், முன்பின் அறியாத கடைக்காரனுக்கும் கூலித் தொழிலாளிக்கும் சோறிட்டு அந்நெடுவழியைப் பயணத்துக்கு உகந்ததாக்கியவர்கள் பெயர் பதிவாகாத முஸ்லிம் குடும்பத்தினர். சமைத்தவர்களுள் பெரும்பாலோர் பெண்களாகவே இருந்திருப்பர் என்று ஊகிப்பதில் தவறில்லை.

தூய்மை பற்றிய அச்சம் ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதன்று என்பதையும் அதே நூல் காட்டுகிறது. ஹொன்னாவரில் வாழ்ந்த நாகூரி என்ற ஷைகு, பணிப்பெண்ணும் பணிப்பையனும் தூய்மையற்றவர்கள் எனக் கருதித் தம் உணவைத் தம் கையாலேயே சமைத்தார். அவர்கள் தொட்ட உணவை ஹலால் சட்டம் விலக்குவதில்லை. இது வேறு வகைத் தயக்கம். அதே ஊரின் சுல்தான் ஜமாலுத்தீனோ விருந்தினரோடு அமர்ந்து உண்டார். நெய்ச்சோறு, உப்பிலிட்ட மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய், கோழி, மீன், நெய்யிலும் பாலிலும் சமைத்த காய்கறி, இறுதியில் தயிர் என அவ்விருந்தின் வரிசை இன்றைய தென்னிந்திய வாசகருக்கும் அந்நியமாகத் தோன்றாது. அந்தச் சுல்தானுடன் 11 மாதங்கள் இருந்தபோது இப்னு பதூதாவுக்கு ஏற்பட்ட குறை ஒன்றே ஒன்று: ரொட்டி கிடைக்கவில்லை. ஹலால் உணவு கிடைத்தது. பழகிய உணவு கிடைக்கவில்லை. புதிதாக ஓர் ஊருக்குக் குடிபெயர்ந்த எவருக்கும் இந்த வேறுபாடு விளங்கும்.

குடும்பங்களால் மட்டும் இவ்வமைப்பு நிலைத்திருக்க முடியாது. அதற்கு நிதியும் வேண்டும். ஏழிமலைப் பகுதியென அடையாளம் காணப்படும் ஹீலியில் இருந்த பள்ளிவாசலுக்குக் கடலோடிகள் நேர்ச்சை செலுத்தினர். அந்த வருவாயில் மாணவர்களுக்கு உதவித்தொகை தரப்பட்டது; வழிப்போக்கருக்கும் ஊரின் ஏழை முஸ்லிம்களுக்கும் சோறிட ஒரு சமையற்கூடமும் நடந்தது. கோழிக்கோட்டிலும் கொல்லத்திலும் இருந்த காஸரூனி மரபின் மடங்களும் கடலோடிகளின் நேர்ச்சையைப் பெற்றன. கொல்லத்து மடத்தில் இப்னு பதூதாவே தங்கினார். புயலில் சிக்கியவன் செய்த நேர்ச்சை, அடுத்த பருவத்தில் கரையேறியவனுக்குச் சோறாயிற்று.

நீராவிக் கப்பலும் புகைவண்டியும் வந்த பின் பயணிகளின் தொகை பெருகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹஜ் பயணிகளின் பெருந்துறைமுகமாகப் பம்பாய் வளர்ந்தது. பயண ஏற்பாட்டுக்கென 1886இல் அரசு தாமஸ் குக் நிறுவனத்தை நியமித்தது. ஆனால் கப்பலுக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தங்குமிடமாக விளங்கியவை வணிகர்கள் நிறுவிய முஸாஃபிர்கானாக்கள். ஹீலியின் சமையற்கூடத்தோடு அவற்றுக்கு உறவுமுறை உண்டு: இரண்டும் கடல் வணிகச் செல்வத்திலிருந்து பிறந்த அறங்கள். புகைவண்டி நிலையமோ வேறொரு வழியைத் தேர்ந்தது. இந்துக்களுக்கு ஓர் உணவகம், முஸ்லிம்களுக்கு ஓர் உணவகம் என்றும், ‘இந்து தண்ணீர்’, ‘முஸ்லிம் தண்ணீர்’ என்றும் பிரித்து வைத்தது. பயணிக்கு இதனால் வசதி விளைந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் மலபார் வழியில் வீட்டாருக்கும் விருந்தினனுக்கும் இடையிலான உறவாக இருந்தது, நிலையத்தில் பெயர்ப்பலகையாகச் சுருங்கியது. திண்ணையும் கிணறும் பொதுவாக இருந்து கலம் மட்டும் வேறாக இருந்த நிலை மாறி, தண்ணீரே இரண்டாகப் பிரிந்தது.

சான்று முத்திரை இவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயம். மலேசிய அரசு 1974இல் ஹலால் சான்று வழங்கத் தொடங்கியது. ஜெலட்டின், நொதிகள், சாராயம் கலந்த மணப்பொருள்கள் எனத் தொழிற்சாலைப் பொருள்கள் பெருகிய காலத்தில், உண்பவன் சமையற்கூடத்தைக் காண வழியில்லை. எனவே மூன்றாம் ஆள் ஒருவரின் சாட்சியம் தேவைப்பட்டது. இந்தியாவில் பொட்டலங்களுக்குக் கட்டாயமான சைவ, அசைவக் குறியீடு அறுப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஏற்றுமதிப் பொருள்களைத் தவிர்த்து, ஹலால் சான்று பெற்ற பொருள்களைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் தடை விதித்தது. 2024 ஜூலையில், காவடி யாத்திரை வழியிலுள்ள உணவகங்கள் உரிமையாளர் பெயரைக் காட்ட வேண்டும் என்ற ஆணைகளுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. என்ன உணவு என்பதை அறிவிக்கலாம், யாருடைய கடை என்று அறிவிக்குமாறு கட்டாயப்படுத்தலாகாது என்பதே அத்தடையின் சாரம். இந்த இரு நிகழ்வுகளும் ஒரே பழைய கேள்வியின் இரு முகங்கள். உணவைப் பற்றிய செய்தி எங்கே முடிகிறது, சமைத்தவரைப் பற்றிய விசாரணை எங்கே தொடங்குகிறது என்பதே அந்தக் கேள்வி.

ஹலால் என்பது வணிக நிறுவனங்கள் அண்மையில் கண்டுபிடித்த ஒன்று என்று வாதிடுவோருக்கு மேற்கூறிய ஆயிரமாண்டுச் சான்றுகளே மறுமொழி. முத்திரை இல்லாவிட்டால் முஸ்லிம் உண்ண இயலாது என்று கருதுவோருக்கும் அவையே மறுமொழி. பெரும்பாலான காலம் சாட்சியமாக இருந்தது அச்சிட்ட எழுத்தன்று. ஓர் ஆள், ஒரு வீடு, ஒரு பள்ளிவாசல். இன்றும் வேலைக்காகவோ படிப்புக்காகவோ அறியாத நகரில் இறங்குபவர் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருவில்தான் முதலில் விசாரிக்கிறார். கொல்கத்தாவில் அந்தப் பள்ளிவாசல் 1926இல் கச்சி மேமன் சமூகத்தினர் கட்டத் தொடங்கிய நாகுதா மசூதியாக இருக்கலாம். சோமநாதபுரத்துக் கல்வெட்டில் நாம் கண்ட அதே சொல் அங்கு ஒரு தெருமுனையின் அடையாளமாக நிற்கிறது.

உணவு வரலாற்றில் ஆய்வு மேற்கொள்ள விழையும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமையற்குறிப்புகளையும் அரண்மனை விருந்துகளையும் விட்டு, வக்ஃபு ஆவணங்களையும் முஸாஃபிர்கானாக்களின் கணக்கேடுகளையும் புகைவண்டி நிலைய உணவக உரிமங்களையும் தேடுங்கள். அரிசி எத்தனை மூட்டை, எண்ணெய் எவ்வளவு, யாருக்கு எத்தனை நாள் சோறு என்ற வரிகளில்தான் வழிப்போக்கனின் வரலாறு இருக்கிறது. அவனுக்குச் சோறிட்ட வீட்டாரின் வரலாறும் அங்கேதான் இருக்கிறது.