துவர்ப்பு இரும்பைப் பிடித்த கதை

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறிச் சென்னைப் பக்கம் போனால் வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் ஊர்களாக வரும். இன்று அங்கே பதனிடுவது பெரும்பாலும் குரோம் உப்பில்தான். அதற்கு முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில்தான் தோல் பதமாயிற்று. அந்தத் துவர்ப்பின் பெயர் டானின். பட்டையில் பதனிட்ட ஈரத்தோலில் இரும்பு ஆணி பட்டால் அந்த இடம் கறுத்துவிடும். கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர் அறிந்த கறுப்பு அது.

தேநீரின் துவர்ப்பும் அந்த இனம்தான். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள இரும்பைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை என்று 1975-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் டிஸ்லர் குழுவினர் எழுதினார்கள். இரத்தசோகைக்காரருக்கு அது எச்சரிக்கை. நான்கே ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். இரும்பு மிகுந்து அவதிப்படுகிறவருக்கு இதுவே உதவாதா? பிறவியிலேயே ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா நோயாளிகளிடம் சோதித்தபோது உறிஞ்சல் 41 முதல் 95 சதவீதம் வரை குறைந்தது. தேநீர் மருத்துவ ஆலோசனைக்குள் வந்தது இப்படித்தான்.

நம் உடல் நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பை எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதை வெளியேற்ற அதற்கு வழி கிடையாது. போதும் என்று குடலுக்குச் சொல்வது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின். தலசீமியாவில் இரத்தம் ஊறாமல் தவிக்கும் எலும்பு மஜ்ஜை அந்தச் சொல்லை அடக்கிவிடுகிறது. குடல் இரும்பை வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஐரோப்பியரிடம் அதிகம் காணும் ஹீமோகுரோமடோசிஸிலும், மரபணுக் கோளாறால், இதே கதைதான். 1998-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், ஓராண்டு சாப்பாட்டோடு தேநீர் குடித்த அந்நோயாளிகளுக்கு இரும்பு சேர்வது குறைந்தது.

ஆனால் தேநீரால் ஆகும் காரியத்துக்கு எல்லை உண்டு. ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு யூனிட் இரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. அது குடல் வழியே வருவதில்லை. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாக்காரருக்கு இரும்பை வெளியேற்றும் மருந்துதான் உயிர். மாதாமாதம் இரத்தம் ஏற்றாத இடைநிலைத் தலசீமியாக்காரருக்கே தேநீர் கைகொடுக்கும்.

வேலூர் சி.எம்.சி.யில் 1986-இலேயே தலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று நடந்தது. தோல் ஊர்களுக்கு அவ்வளவு பக்கத்தில் மருத்துவம் இருக்கிறது. வெளுப்புக்குக் காரணம் தலசீமியாவாகவும் இருக்கலாம். அதனால், பிள்ளை வெளுத்திருக்கிறது என்று மருந்துக்கடையில் இரும்பு டானிக் வாங்கி ஊற்றுவதற்கு முன், ஒருமுறை இரத்தத்தில், இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் ஹீமோகுளோபின் வகையும் பார்த்துவிடுங்கள்.