நெலுப் பற்றைக்குள் ஒரு குருவி

நுவரெலியாப் பக்கத்துக் காடுகளில் நெலுப் பற்றைகளுக்குள்ளயும் குட்டி மூங்கில்களுக்குள்ளயும் ஒரு சின்னக் குருவி வாழுது. 16 சென்ரிமீற்றர் அளவுதான். முதுகு கரும் மண்ணிறம், வயிறு சாம்பல். ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெளிறினது. நிலத்தோடு ஒட்டி நடந்து பூச்சி பிடிக்கும். பெரும்பாலும் சோடியாகத் திரியும். இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகத்தில வேற எங்கயும் இது இல்லை. ஆங்கிலத்தில் 'பாலிசர்ஸ் வாப்ளர்' என்பார்கள். நாங்கள் இலங்கைப் புதர்க் கதிர்க்குருவி என்று சொல்லலாம்.

இந்தக் குருவி அறிவியல் ஏட்டில் ஏறியது 1851இல். இலங்கையில் பிறந்த பறங்கியரான இராணுவ மருத்துவர் கெலார்ட் மலைநாட்டில் சேகரித்ததை, கல்கத்தாவில் இருந்த எட்வர்ட் பிளைத் விவரித்து எழுதினார். 1879இல் பீரங்கிப்படை அதிகாரி வின்சென்ட் லெக் அதற்குத் தனிப் பேரினமே கொடுத்தார்: எலாஃப்ரோர்னிஸ். இன்றைக்கும் அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான்.

அந்த ஆண்டுகளை இன்னொருக்கால் பாருங்கள். அது கோப்பிக் காலம். தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார் தொடக்கம் மலை வரை கால்நடையாக ஏறின தமிழ்ச் சனம் காடு வெட்டிக்கொண்டிருந்த காலம். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிஞ்சுது, பிறகு தேயிலை வந்தது. ஒருபக்கம் குருவிக்குப் பெயர், மறுபக்கம் அதன் வீட்டுக்குக் கோடரி. இரண்டும் ஒரே ஆட்சியின் வேலை. கோடரி பிடித்தது எங்கட ஆக்களின் கை. ஆனால் எந்தக் காடு போகவேணும் என்று தீர்மானித்தது அவர்கள் இல்லை. இலாபமும் அவர்களுக்கு வரவில்லை.

மரத்தோட கீழ்ப்பற்றையும் போனால் இந்தக் குருவிக்கு இடமில்லை. தேயிலைச் செடிக்குக் கீழே அதன் இருட்டு இல்லை, ஈரமும் இல்லை. 1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்கச் சொன்னார். மழையையும் காலநிலையையும் நினைத்துச் சொன்னது அது. குருவியை யாரும் நினைக்கவில்லை, ஆனாலும் அதுக்கு நிழல் மிஞ்சியது. 1988இல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியில் இன்றும் அதைக் காணலாம். அங்கயும் பல ஆண்டுகளாக மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன.

குருவியின் வரலாற்றில் கெலார்ட், பிளைத், லெக் என்ற பெயர்கள் இருக்கு. அதே மலையில் அதே காலத்தில் வேலை செய்த ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர்கூட இல்லை. பற்றைக்குள்ள கையை விட்டவர்கள் அவர்கள்தான், இதன் குரலை நாள்முழுக்கக் கேட்டவர்களும் அவர்கள்தான். உங்கட வீட்டில் மலையில் வேலை செய்த அம்மம்மா, அம்மப்பா இருந்தால் கேளுங்கள்: நிலத்தில் ஓடுகிற இந்தக் குருவிக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள்? கேட்டதை எழுதி வையுங்கள். 1851ஐவிடப் பழைய பெயராகக்கூட அது இருக்கலாம்.