பாலவாக்கத்தில் குளியல் தொட்டி

பாலவாக்கத்தில் குளியல் நெடுங்காலம் கிணற்றடியில்தான் நடந்தது. திருவான்மியூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மணல் பரப்பில் அமைந்த ஊர் இது. மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் நன்னீர்ப் படலமாக நிற்கும். சில உறைகள் இறக்கினாலே குடிக்கத்தக்க நீர் ஊறும். அதை இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டால் வழிந்த நீர் தென்னைக்கோ வாழைக்கோ பாயும். நீருக்குள் இறங்கிக் குளிப்பது ஆற்றுக்கும் குளத்துக்கும் உரியது. வீட்டுக்குள் தேங்கிய நீரில் உட்காருவதை அழுக்கில் ஊறுவதாகவே தமிழர்கள் நினைத்தார்கள்.

மதராஸுக்குத் தொட்டிக் குளியலைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். தோட்ட பங்களாக்களில் படுக்கையறையை ஒட்டிக் குளியலறை இருக்கும். பணியாளர் தண்ணீர் கொண்டுவர அதற்குத் தனியே வெளிக்கதவு உண்டு. தகரத் தொட்டியைக் குடம் குடமாக நிரப்ப வேண்டும். இந்த உழைப்பு முழுவதும் பிறர் தலையில் விழுந்ததால்தான் அந்தச் சொகுசு நடந்தது. வெயிலில் வாடிய துரைகளில் பலரும் மண்பானை நீரை மொண்டு ஊற்றிக்கொள்ளவே பழகிவிட்டார்கள். 1872இல் செங்குன்றம் ஏரி நீர் நகருக்கு வரத் தொடங்கியது; 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது. குழாய் நீர் பரவிய பிறகும் எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டி பெரிய பங்களாக்களையும் ஓட்டல்களையும் தாண்டவில்லை.

நடுத்தர வீட்டுக் குளியலறையின் மூலையிலும் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. அது நீர் சேர்த்துவைக்க மட்டும். அதற்குள் யாரும் கால் வைப்பதில்லை. பக்கத்தில் கரி போட்டு எரிக்கும் செம்பு பாய்லர் நிற்கும். தொட்டிக்குள் இறங்காத இந்த வழக்கத்துக்கு ஒரு விலக்கும் உண்டு. ஜெர்மனியின் லூயிஸ் கூனே பரப்பிய இடுப்புக் குளியலைக் காந்தி கைக்கொண்டார். அதன் வழியாக இயற்கை மருத்துவ அன்பர்கள் தொட்டியில் உட்கார்ந்தார்கள், மருந்தாக.

கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவடைந்ததும் பாலவாக்கத்தில் பங்களாக்களும் அடுக்ககங்களும் பெருகின. 2011இல் ஊர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. எடை குறைந்த அக்ரிலிக் தொட்டிகள் கடைக்கு வந்தபின், பழைய பிளாட்டைப் புதுப்பிப்பவர்களுக்கும் ஆசை பிறந்தது. அந்த ஆசையை அளவு நாடா அடக்கிவிடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு அனுமதிக்கும் மிகச்சிறிய குளியலறை 1.8 சதுர மீட்டர்: ஏறக்குறைய 4 அடிக்கு 5 அடி. 5 அடிக்கு இரண்டரை அடித் தொட்டியை வைத்தால் தரையில் பாதிக்கு மேல் போய்விடும். வாளிக்கும் துணி அலசவும் இடம் ஏது?

இடத்தைவிடப் பெரிய தடை தண்ணீர். நகரவாசி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். தொட்டியை ஒருமுறை நிரப்பவே 150 லிட்டருக்குக் குறையாது. கடலோர மணலில் போர் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்புநீர் உள்ளே ஏறும். அந்த நீர் அக்ரிலிக்கில் வெள்ளைக் கறை படியவைக்கும். குழாய் வாயையும் அடைக்கும். கடற்காற்று பழைய தளத்தின் கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்திருந்தால், நிரம்பிய தொட்டியின் பாரத்தை ஏற்றும்முன் பொறியாளரைக் கேட்டாக வேண்டும்.

2013இல் நெம்மேலியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் ஆலை தொடங்கியது தென்சென்னைக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டபோது அடுக்ககங்கள் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தன. தொட்டி வைத்திருந்தவர்கள் அதில் தண்ணீர் பிடித்துவைத்திருந்தால் வியப்பில்லை.

சிறிய குளியலறையைப் புதுப்பிக்கும்போது தொட்டிக்கு ஓரளவு நியாயம் உள்ளது, உட்கார்ந்தே குளிக்க வேண்டிய முதியவர் இருக்கும் வீட்டில்தான். அவருக்கும் விளிம்பைத் தாண்டி ஏறி இறங்கும் தொட்டியைவிட, வழுக்காத தரையும் சுவரில் கைப்பிடியும் ஒரு முக்காலியும் மேல்.